கணினி துயிலெழும் நேரம்

விளக்கின் ஆளியை அழுத்தியவுடன் ஒளி பிறக்கின்றது. மின்விசிறியின் ஆளியை அழுத்தியவுடன் அது சுழலத் தொடங்குகின்றது. கணினியோ அங்ஙனம் உடனே பணிக்கு வருவதில்லை. ஆளியை அழுத்திய கணத்திற்கும், கடவுச்சொல்லைக் கேட்கும் திரை தோன்றும் கணத்திற்கும் இடையில் ஒரு காலவெளி கிடக்கின்றது. சில கணினிகளில் அது சில செக்கன்கள். பழைய கணினிகள் சிலவற்றிலோ 2 அல்லது 3 நிமிடங்கள். 40 நிமிடப் பாடவேளையொன்றில் இக்காத்திருப்பு எத்துணைப் பங்கினை விழுங்கிவிடும் என்பதைக் கணினிக்கூடத்திற் பயின்றோர் யாவரும் அறிவர்.

அக்காலவெளியில் நிகழ்வன யாவை, அவற்றுள் உண்மையான வேலை எவ்வளவு, ஒன்றையொன்று எதிர்நோக்கி வாளாவிருத்தல் எவ்வளவு என்பன ஆராயத்தக்கன. இத்துறையில் உழைத்தோர் கண்ட முடிபு வியப்பிற்குரியது. கணினி விரைந்து எழாமைக்குக் காரணம் அதன் வேலை மிகுதியாயிருத்தல் மட்டுமன்று. ஒரு வேலை முடியும்வரை மற்றொன்று தொடங்கலாகாதென்று தேவையின்றி விதிக்கப்பட்ட முறைமையும் பெருங் காரணமாகும்.

இந்நிகழ்ச்சியை ஆங்கிலத்திற் 'பூட்' என்பர். சப்பாத்தின் வாரைத் தானே பற்றியிழுத்துத் தன்னைத்தானே நிலத்தினின்று தூக்குதல் என்னும் நடவாத செயலைக் குறித்த மரபுத்தொடரினின்று பிறந்தது அச்சொல். பெயர் பொருத்தமானதே. நினைவகத்தில் ஒரு நிரலை ஏற்றுவதற்கு மற்றொரு நிரல் வேண்டும். அம்மற்றொன்றை ஏற்றுவது எது? இவ்வினாவிற்குத் தொடக்ககால விடையொன்று கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகத்தின் எட்சாக் கணினியிலே காணப்படும். 1949 ஆம் ஆண்டில் டேவிட் வீலர் அதற்கென 31 கட்டளைகளை வகுத்தார். தொலைபேசி நிலையங்களிற் பயன்பட்ட சுழலாளிகளில் அக்கட்டளைகள் நிலையாகப் பதிக்கப்பட்டிருந்தன. பொத்தானை அழுத்தியதும் அவை நினைவகத்துட் சென்று, துளையிட்ட நாடாவிலிருந்து ஏனைய கட்டளைகளை வாசித்தன. அன்று 31 கட்டளைகளால் முடிந்த காரியத்திற்கு இன்று கோடிக்கணக்கான கட்டளைகள் ஓடுகின்றன.

சில செக்கன்களை மிச்சப்படுத்துவதற்கு இத்துணை முயற்சி தகுமோ என்று ஐயுறுவோர் உளர். 1983 ஆம் ஆண்டில் மக்கின்டோஷ்க் கணினி உருவாகிக்கொண்டிருந்தபோது, அதன் தொடக்கநேரத்தைக் குறைக்கும்படி ஸ்டீவ் ஜொப்ஸ் பொறியியலாளர் லரி கென்யனை வற்புறுத்தினார் என்றும், 50 இலட்சம் பேர் நாடோறும் 10 செக்கன் மிச்சம் பிடித்தால் ஓராண்டில் ஒரு டசின் மனிதருடைய வாழ்நாள் காப்பாற்றப்படும் என்று கணக்குக் காட்டினார் என்றும் உடனிருந்தோர் எழுதியுள்ளனர். கணக்கைச் சரிபார்ப்பின், நாளொன்றுக்கு 5 கோடி செக்கன். ஓராண்டிற்கு ஏறக்குறைய 578 ஆண்டுகள். 70 வயது வாழ்வோர் எண்மருடைய ஆயுளிலும் சிறிது மிகும். டசின் என்பது மிகை. ஆயினும் வாதத்தின் போக்குப் பிழையன்று.

இக்காலத்தில் இவ்விடயம் பொறுமையின் அளவிலே நிற்பதுமன்று. ஐக்கிய அமெரிக்காவில், மோட்டார்க் காரைப் பின்னோக்கிச் செலுத்தத் தொடங்கி 2 செக்கன்களுக்குள் பின்புறக் காட்சி சாரதியின் முன் தோன்றவேண்டுமென்னும் விதி 2018 மே மாதத்தில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. காருக்குப் பின்னால் நிற்கும் குழந்தையைக் காப்பதற்காக எழுந்த விதி அது. காருக்குள் இருக்கும் கணினி சாவகாசமாக எழுமாயின் அவ்விதியை நிறைவேற்றல் அரிது. மற்றொரு புறத்திலே, 2018 இல் அமேசன் நிறுவனம் வெளியிட்ட ஃபயர்கிராக்கர் என்னும் மென்பொருள், ஒரு சிறு மெய்நிகர்க் கணினியைச் செக்கனின் எட்டிலொரு பங்கிலே, அஃதாவது 125 மில்லிசெக்கனில், எழுப்பவல்லது. ஒருவருடைய வேண்டுகோளுக்கு விடையளிப்பதற்கென்றே ஒரு கணினியை எழுப்பி, விடை கொடுத்ததும் அதனை அழித்துவிடும் முறை இதனாலேயே இயல்வதாயிற்று.

இனி, எழுச்சியின் படிகளைச் சுருக்கமாகக் காண்க. மின் பாய்ந்ததும் முதலில் இயங்குவது தாய்ப்பலகையிற் பதிந்துள்ள நிலைபொருள். அது நினைவகம், விசைப்பலகை, சேமிப்பகம் முதலியவற்றைச் சோதித்து, தொடக்க ஏற்றி எனப்படும் சிறு நிரலிடம் ஆட்சியை ஒப்படைக்கும். ஏற்றி, பணிசெயல் முறைமையின் கருவை நினைவகத்துட் கொணரும். கரு, வன்பொருள்களை இனங்கண்டு, கோப்புத் தொகுதியைத் திறந்து, முதலாவது முறைவழியைத் தோற்றுவிக்கும். (இயங்கிக்கொண்டிருக்கும் நிரல் ஒவ்வொன்றும் முறைவழி எனப்படும்.) அம்முதல் முறைவழிக்கு எண் 1. ஏனைய சேவைகள் யாவும் அதன் வழித்தோன்றல்களே. வலையமைப்பைப் பேணும் சேவை, நேரத்தைத் திருத்தும் சேவை, அச்சுப்பொறியை ஆளும் சேவை, நிகழ்ச்சிகளைக் குறித்துவைக்கும் சேவை எனப் பல அவை. பயனாளரின் கண்ணுக்குப் புலப்படாது பின்னணியிலே தொழில் புரிவன.

நிலைபொருளின் மீது பயனாளருக்கு அதிக ஆட்சியில்லை. பெருஞ் சேவையகக் கணினிகளில் நினைவகச் சோதனைக்கே நிமிடங்கள் செல்வதுண்டு. தொடக்க ஏற்றியில் ஓர் எளிய மிச்சம் உளது: லினக்ஸ் முறைமைகளில் வழங்கும் கிரப் என்னும் ஏற்றி, எந்த முறைமையை எழுப்புவது என்று பயனாளர் தெரிவு செய்வதற்காக இயல்பாக 5 செக்கன் காத்து நிற்கும். ஒரே முறைமையுள்ள கணினியிலே தெரிவு செய்வதற்கு யாது உளது? அவ்வெண்ணைக் குறைத்தல் ஒருவரிப் பணி. ஆயினும் அதனை முற்றாகப் பூச்சியமாக்கிவிடின், முறைமை பழுதுறும் நாளிற் பழைய கருவைத் தெரிவு செய்ய வழி கிட்டாமற் போகலாம். 1 அல்லது 2 செக்கன் விட்டுவைப்பது நன்று.

கருவினுள்ளே நேரம் வீணாவது அரிது என்று பலர் எண்ணுவர். 2023 ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒன்று அவ்வெண்ணத்தை அசைத்தது. ஃபிரீபிஎஸ்டி என்னும் முறைமையை ஃபயர்கிராக்கரில் விரைந்தெழச் செய்யும் பணியில் ஈடுபட்ட கொலின் பெர்சிவல், ஏனைய தடைகளையெல்லாம் ஒவ்வொன்றாக நீக்கி வருகையில், கருவின் தொடக்கநேரத்தில் 7 சதவீதம் ஒரு பட்டியலை வரிசைப்படுத்துவதிலே கழிதலைக் கண்டார். ஆயிரத்துக்கு மேற்பட்ட உறுப்புக்களைக் கொண்ட அப்பட்டியல், குமிழி வரிசையாக்கத்தினால் வரிசைப்படுத்தப்பட்டு வந்தது! உயர்தர வகுப்பு மாணவர், மெதுவான முறைக்கு எடுத்துக்காட்டாகக் கற்கும் அதே வரிசையாக்கம். பட்டியல் சிறிதாயிருந்த காலத்தில் எழுதப்பட்டது, பட்டியல் வளர்ந்த பின்னரும் எவராலும் நோக்கப்படாது கிடந்தது. வேறு முறையை இட்டதும் அப்பகுதி ஏறக்குறைய நூறு மடங்கு விரைவுற்றது. முழுத் தொடக்கமும் பல செக்கன்கள் எடுத்த காலத்தில் இம்மில்லிசெக்கன்கள் எவர் கண்ணிலும் படவில்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது.

எனினும், நாளாந்தப் பயன்பாட்டுக் கணினிகளில் நேரத்தைப் பெரிதும் உண்டவை முதலாம் எண் முறைவழிக்குப் பின்னர் எழும் சேவைகளே. அதன் காரணத்தை அறிதற்கு யுனிக்ஸ் முறைமையின் வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

1983 இல் வெளிவந்த யுனிக்ஸ் 'சிஸ்டம் ஐந்து' வகுத்த முறை நெடுங்காலம் நின்று நிலவியது. ஒவ்வொரு சேவையையும் எழுப்புவதற்கு ஒரு கட்டளைக் கோவை எழுதப்பட்டது. அக்கோவைகளின் பெயர்கள், 'எஸ்' என்னும் ஆங்கில எழுத்தும் ஈரிலக்க எண்ணும் கொண்டு தொடங்கின. எண் சிறியது முன்னும், பெரியது பின்னும் இயங்கின. ஒன்று முற்றாக முடிந்த பின்னரே அடுத்தது தொடங்கும். வரிசையின் காரணத்தை எவரும் எங்கும் எழுதிவைக்கவில்லை. எண் மட்டுமே எஞ்சியது. பத்தாம் எண் சேவையை இருபதாம் எண் சேவை உண்மையிலே வேண்டி நின்றதா, அன்றி எண்ணிட்டவர் ஏதோ ஓர் எண்ணை இட்டுவைத்தாரா என்பதை அறிய வழியில்லை. ஆகவே யாவும் யாவற்றையும் வேண்டி நிற்பதாகக் கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக எழுப்பப்பட்டன. எளிமையும் உறுதியும் வாய்ந்த முறைதான். பழுது நேரின் எந்தக் கோவையில் நின்றது என்று உடனே காணலாம். ஆனால், வலையமைப்பு அட்டைக்கு முகவரி கிடைக்கும்வரை 10 செக்கன் செல்லுமாயின், அப்பத்துச் செக்கனும் முறைவழியாக்கி வெறுமனே இருக்கும். வலையமைப்போடு யாதொரு தொடர்புமில்லாத எழுத்துருச் சேவையும் உடன் காத்திருக்கும்.

கோவைகள் எழுதப்பட்ட மொழியும் தாமதத்திற்குக் காரணமாயிற்று. ஷெல் எனப்படும் அம்மொழியில் ஒரு சொல்லைத் தேடுதற்கும் ஒரு வரியை வெட்டுதற்கும் புதிய முறைவழியொன்று பிறந்து மடிதல் வேண்டும். லெனார்ட் பொட்டரிங் என்னும் பொறியியலாளர் 2010 இல் தம் கணினியை ஆராய்ந்தபோது, அது எழுந்து பயனாளரிடம் வருமுன்னர் முறைவழி எண் 1823 ஆகிவிட்டதையும், மக் கணினியில் அவ்வெண் 154 ஆகவே இருந்ததையும் எடுத்துக்காட்டினார். பயனாளர் ஒரு விசையைத் தொடுமுன்னரே ஆயிரத்து எண்ணூறு முறைவழிகள் பிறந்துள்ளன என்பது இதன் கருத்து.

நோயை அளக்காது மருந்திட முடியாது. 2004 இல் சீகா மகோவெட்ஸ் என்பவர் ஆக்கிய 'பூட்சார்ட்' என்னும் கருவி இவ்வகையிற் பெரும்பயன் விளைத்தது. எழுச்சியின்போது எந்த முறைவழி எப்போது பிறந்தது, எவ்வளவு நேரம் வேலை செய்தது, எவ்வளவு நேரம் வட்டினை எதிர்நோக்கி நின்றது, எப்போது முடிந்தது என்பவற்றை ஒரே படத்தில் அது நிறங்களாற் காட்டியது. அதுவரை ஊகமாக நிகழ்ந்த உரையாடல் அதன் பின்னர்ச் சான்றின் வழிச் சென்றது.

அப்படங்களின் துணைகொண்டு நிகழ்ந்த முயற்சிகளுள் 2008 செப்டெம்பரில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் நிகழ்ந்த லினக்ஸ் மகாநாட்டிற் காட்டப்பட்டது தலையாயது. இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர்யன் வான் டி வென், ஔக்கே கொக் ஆகிய இருவரும், ஆசுஸ் ஈ-பிசி என்னும் மலிவான சிறு மடிக்கணினியை 5 செக்கனில் எழச் செய்தனர். திரை தோன்றினாற் போதாது. வட்டும் முறைவழியாக்கியும் ஓய்ந்து, பயனாளரின் ஏவலுக்கு ஆயத்தமாயிருத்தலே எழுச்சியின் முடிவு என்று அவர்கள் வரையறுத்துக்கொண்டனர். திரையை முன்னதாகக் காட்டிவிட்டுப் பின்னணியில் இன்னும் அரை நிமிடம் உழலும் கணினிகளைக் கண்டோர் இவ்வரையறையின் நேர்மையை உணர்வர்.

அவர்கள் கையாண்ட வழி வரவுசெலவுத் திட்டத்தை ஒத்தது. 'இயன்றவரை குறைப்போம்' என்று தொடங்கினாரல்லர். 5 செக்கன் என்று முதலில் உறுதிசெய்து, கருவிற்கு 1, தொடக்கச் சேவைகளுக்கு 1, வரைகலைச் சேவையகத்திற்கு 1, மேசைத்தளத்திற்கு 2 எனப் பங்கிட்டனர். பங்கினுள் அடங்காதது வெளியேறவேண்டும். அங்ஙனம் நோக்கியபோது வெளிப்பட்ட வீண்செலவுகள் பல. ஒருவர் மடியில் வைத்துப் பயன்படுத்தும் கணினியிலே மின்னஞ்சற் சேவையகமொன்று ஒவ்வொரு முறையும் எழுந்துகொண்டிருந்தது. யாரோ சிலருக்கு அது வேண்டும் என்பதற்காக யாவரும் அதன் விலையைச் செலுத்தி வந்தனர். விசைப்பலகையின் அமைப்பு ஒவ்வொரு எழுச்சியிலும் புதிதாகத் தொகுக்கப்பட்டு வந்தது. விசைப்பலகை மாறுவதில்லை, விடையும் மாறுவதில்லை. ஒருமுறை தொகுத்து வைத்தாற் போதும். இங்ஙனமாய குறைகள் எவருடைய அறியாமையாலும் நேர்ந்தவையல்ல. ஒவ்வொன்றையும் எழுதியவர் தம் பகுதியை மட்டும் நோக்கினார். முழுமையை நோக்க வேண்டிய பொறுப்பு எவருக்கும் இருந்ததில்லை.

தனியொரு கணினிக்கு ஏற்ற அவ்வழி, பல்வகைக் கணினிகளிலும் இயங்கவேண்டிய பொதுமுறைமைக்குப் பொருந்துவது எளிதன்று. அதற்கு வரிசையின் அடிப்படையே மாறவேண்டியதாயிற்று. 2005 ஏப்பிரலில் அப்பிள் நிறுவனம் தன் மக் முறைமையின் 10.4 ஆம் பதிப்பிற் புகுத்திய லோஞ்ச்டி அம்மாற்றத்திற்கு வழிகாட்டியது. 2006 இல் உபுண்டு முறைமை அப்ஸ்டார்ட் என்னும் புதியதொன்றைக் கைக்கொண்டது. 2010 இல் பொட்டரிங், கே சீவர்ஸ் ஆகியோர் லோஞ்ச்டியின் கருத்தை மேலும் விரித்துச் சிஸ்டம்டியை வெளியிட்டனர்.

அக்கருத்தைத் தபாற்கந்தோரொன்றை உவமையாகக் கொண்டு விளக்கலாம். பழைய முறையில், தபாலதிபர் வந்து கதவைத் திறந்து கதிரையில் அமரும்வரை ஊரில் எவரும் கடிதம் எழுதவே கூடாது. புதிய முறையிலோ, விடியுமுன்னரே ஊரெங்கும் தபாற்பெட்டிகள் நடப்படுகின்றன. தபாலதிபர் வந்தாலென், வராவிட்டாலென்? எழுதியவர் கடிதத்தைப் பெட்டியிலிட்டுவிட்டுத் தம் கருமத்தைப் பார்ப்பார். தபாலதிபர் வந்ததும் சேர்ந்திருக்கும் கடிதங்களை முறையாக எடுப்பார். மறுமொழி வேண்டுவோர் மட்டுமே காத்திருப்பர். அவரும் அம்மறுமொழி வரும்வரையே.

சேவைகள் ஒன்றோடொன்று பேசுதற்குப் பயன்படும் தொடர்புவாயில்களே அப்பெட்டிகள். நிகழ்ச்சிகளைக் குறிக்கும் சேவை எழுந்த பின்னரே செய்திப் பரிமாற்றச் சேவை எழவேண்டும். அது எழுந்த பின்னரே அயற்கணினிகளைக் கண்டறியும் சேவை எழவேண்டும் என்று முன்னர்க் கருதப்பட்டது. உண்மையில் அவை வேண்டி நின்றது முந்திய சேவையை அன்று, அதன் வாயிலையே. எனவே சிஸ்டம்டி, எல்லா வாயில்களையும் தானே முதலில் திறந்துவிட்டு, எல்லாச் சேவைகளையும் ஒருங்கே எழுப்பும். இன்னும் எழாத சேவைக்கு வரும் செய்திகளைக் கரு தன் நினைவகத்திற் சேர்த்து வைக்கும். வரிசையை எவரும் எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை. தேவையிலிருந்து அது தானே உருவாகும். அன்றியும், ஒரு வாயிலுக்கு எவரும் செய்தி அனுப்பாவிடின் அச்சேவையை எழுப்பவே வேண்டியதில்லை. அச்சிடாத நாளில் அச்சுப்பொறிச் சேவை உறங்கலாம்.

இக்கருத்து முற்றிலும் புதியதன்று. 1986 இல் வெளிவந்த பெர்க்லி யுனிக்ஸ் 4.3 இல், பல வாயில்களையும் தானொருவனே காத்திருந்து, அழைப்பு வந்தபோது மட்டும் உரிய சேவையை எழுப்பும் இன்ஐநெட்டி என்னும் நிரல் இருந்தது. நினைவகத்தை மிச்சப்படுத்துதற்காக எழுந்த உத்தி, கால் நூற்றாண்டின் பின் நேரத்தை மிச்சப்படுத்தப் பயன்பட்டது.

சிஸ்டம்டி எதிர்ப்பின்றி நிலைபெறவில்லை. 2011 மே மாதத்தில் ஃபெடோரா 15 அதனை ஏற்றது. டெபியன் முறைமையில் நீண்ட வாதங்களின் பின்னர் 2014 இல் அதன் தொழில்நுட்பக் குழு வாக்கெடுப்பினால் அதனைத் தெரிந்தது. 2015 ஏப்பிரலில் டெபியன் 8 அதனோடு வெளிவந்தது. மனம் ஒப்பாதோர் பிரிந்து சென்று டெவுவன் என்னும் தனி முறைமையை ஆக்கினர். ஒரு நிரல் ஒரு தொழிலையே செய்யவேண்டுமென்னும் யுனிக்ஸ் மரபைச் சிஸ்டம்டி மீறியது என்பது அவர்தம் முறைப்பாடு. அது முற்றும் பொருளற்ற முறைப்பாடு எனல் இயலாது. ஆயினும் தொடக்கநேரத்தை மட்டும் கருதின், பழைய எண்வரிசைக்கு மீளவேண்டுமென்று வாதிப்பது கடினம்.

ஒருங்கே எழுப்புதல் எப்போதும் இலாபம் என்று கொள்ளுதலும் ஆகாது. நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் வன்தட்டொன்று ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிசெக்கன் எடுக்கும். வேண்டிய தரவு தலையின் கீழ் வருதற்குச் சராசரியாக அதன் பாதி நேரம் காத்திருத்தல் வேண்டும். தலை நகரும் நேரம் வேறு. நாற்பது சேவைகள் ஒரே வேளையில் தத்தம் கோப்புக்களைக் கேட்குமாயின், தலை இங்குமங்கும் அலைந்து, வரிசையாக வாசித்ததிலும் மெதுவாக வாசித்தல் கூடும். இதற்கு மாற்றாக, சென்ற முறை எழுந்தபோது எக்கோப்புக்கள் வாசிக்கப்பட்டன என்று குறித்துவைத்து, அடுத்த முறை அவற்றை முன்கூட்டியே வாசித்தல் என்னும் உத்தி வழங்கியது. 2001 இல் விண்டோஸ் எக்ஸ்பி அதனைக் கையாண்டது. நகரும் உறுப்பில்லாத திண்மநிலைச் சேமிப்பகம் பரவியபின் அவ்வுத்தியின் பயன் குன்றிற்று. 2014 இற் சிஸ்டம்டி தன் முன்வாசிப்புப் பகுதியையே நீக்கிவிட்டது. பழைய கணினியொன்றை விரைவுபடுத்த விரும்புவோர், சேவைகளைத் திருத்துமுன் வன்தட்டை மாற்றுதலே பெரும்பயன் தரும் என்பதை மறத்தலாகாது.

பயனாளர் தம் கணினியிலே செய்யத்தக்கன யாவை? முதலிற் செய்யவேண்டியது அளத்தல். லினக்ஸில் 'சிஸ்டம்டி-அனலைஸ்' என்னும் கட்டளை, நிலைபொருள், ஏற்றி, கரு, சேவைகள் ஆகிய ஒவ்வொன்றிற்கும் சென்ற நேரத்தைப் பிரித்துக் காட்டும். நிலைபொருளிலே 15 செக்கன் கழியும் கணினியிற் சேவைகளோடு மல்லாடுதல் வீண். அக்கட்டளையோடு 'பிளேம்' என்னும் சொல்லைச் சேர்த்தால் சேவைகள் எடுத்த நேரம் பெரிதிலிருந்து சிறிதாகப் பட்டியலாகும். பலரும் இப்பட்டியலின் தலையில் நிற்பதை நிறுத்திவிட்டு, நேரம் குறையாமை கண்டு ஏமாறுவர்.

ஏமாற்றத்தின் காரணத்தை அடுக்களையிற் காணலாம். சோறு வேக 30 நிமிடம், பருப்புக்கறிக்கு 20, கத்தரிக்காய்க் குழம்பிற்கு 15 எனக் கொள்க. மூன்று அடுப்பும் ஒருங்கே எரியுமாயின் 30 நிமிடத்தில் இலை போடலாம். பருப்பைப் பத்து நிமிடத்தில் வேகவைத்தாலும், குழம்பையே விட்டுவிட்டாலும், பந்தி ஒரு நிமிடமேனும் முந்தாது. சோற்றைத் தொட்டாலன்றி நேரம் குறையாது. அவ்வாறே எழுச்சியிலும் ஒன்றையொன்று உண்மையாகவே வேண்டி நிற்கும் சேவைகளின் நீண்ட சங்கிலியொன்று உளது. 'கிரிட்டிக்கல்-செயின்' என்னும் சொல்லைச் சேர்த்தால் அச்சங்கிலி வெளிப்படும். திருத்தவேண்டியவை அதன் கணுக்களே.

அச்சங்கிலியிற் பெரும்பாலும் அகப்படுவது, வலையமைப்பு முற்றாக ஆயத்தமாகும்வரை காத்திருப்பதொன்றையே தொழிலாகக் கொண்ட சேவை. சிஸ்டம்டியின் வலையமைப்புப் பகுதியில் அதன் இயல்பான எல்லை 120 செக்கன். தொலைவிலுள்ள சேவையகத்தின் கோப்புத் தொகுதியைத் தன்னோடு இணைத்துக்கொண்டு எழும் கணினிக்கு அது வேண்டும். தனித்து நிற்கும் கணினிக்குப் பெரும்பாலும் வேண்டியதில்லை. மற்றொன்று, முன்னர் இணைத்திருந்து பின்னர் அகற்றிய வட்டொன்றின் பெயர் கோப்புத் தொகுதிப் பட்டியலிலே கிடத்தல். இல்லாத அவ்வட்டை எதிர்நோக்கிக் கணினி 90 செக்கன் நிற்கும். பழுதுற்ற கணினியென்று கைவிடப்பட்டவற்றுட் சில, ஒரு வரியை நீக்கியதும் நலம்பெறக்கூடியன. புளுடூத் இல்லாத கணினியிற் புளுடூத் சேவையையும், மோடம் இல்லாத கணினியில் மோடம் சேவையையும் நிறுத்துதல் தீங்கற்றது. நிறுத்திய சேவையை வேறொரு சேவை வேண்டி எழுப்புதல் கூடும். எவ்வாற்றானும் எழாவண்ணம் மறைத்துவைத்தல் வேறொரு கட்டளை. அதனைப் பயன்படுத்துமுன் அச்சேவையைச் சார்ந்தவை யாவை என்று நோக்குதல் வேண்டும். சாதனங்களை இனங்காணும் சேவை, செய்திப் பரிமாற்றச் சேவை, நுழைவை ஆளும் சேவை என்பவற்றிற் கைவைப்பின் கணினி விரைந்து எழாது, எழவே எழாது. இரண்டு செக்கனுக்காகப் பாதுகாப்பு அரணையும் நச்சுநிரற் காப்பையும் நீக்குவோர் வாயிற்கதவு திறக்க நேரமாகின்றதென்று கதவையே கழற்றிவைப்போரை ஒப்பர்.

விண்டோஸ் முறைமையில் வழங்கும் இரு உத்திகள் வேறுவகையின. விஸ்டாப் பதிப்பில் 'பிற்போட்ட தொடக்கம்' என்னும் வகை புகுந்தது. அவ்வகைச் சேவைகள், ஏனைய தன்னியக்கச் சேவைகள் தொடங்கியதன் பின் இயல்பாக 2 நிமிடம் தாழ்த்தே எழும். இது நேரத்தை மிச்சப்படுத்துவதன்று, இடம் மாற்றுவதே. எனினும் பயனாளர் வேலையைத் தொடங்குதற்கு அச்சேவை வேண்டாதாயின் இடமாற்றமும் இலாபமே. 2012 இல் விண்டோஸ் 8 கொணர்ந்த 'விரைவுத் தொடக்கம்' இன்னொரு வழியிற் சென்றது. கணினியை அணைக்கும்போது பயனாளரின் நிரல்களை மூடிவிட்டு, கருவின் நிலையை வட்டிலே எழுதிவைத்து, மறுமுறை அதனை அப்படியே மீட்டெடுக்கும். உண்மையில் அது எழுச்சியன்று, உறக்கம் கலைதல். அணைத்துத் திறந்தும் தீராத கோளாறு 'மீளத் தொடங்கு' என்பதைத் தெரிந்ததும் தீர்தலின் இரகசியம் இதுவே. மீளத் தொடங்கும்போது கரு புதிதாகவே எழுகின்றது.

சார்புகளை முற்றாக அறியாது விரைவுபடுத்துவதில் அறிஞரும் இடறுவர் என்பதற்கு 2019 ஆம் ஆண்டின் நிகழ்ச்சியொன்று சான்று. லினக்ஸ் கருவின் 5.3 ஆம் பதிப்பு உருவாகி வந்தபோது, எக்ஸ்ட்4 என்னும் கோப்புத் தொகுதியிலே நல்லதொரு திருத்தம் செய்யப்பட்டது. அதனால் எழுச்சியின்போது வட்டினை வாசிக்கும் தடவைகள் குறைந்தன. குறைந்ததும், ஒரு பொறியியலாளரின் கணினி நுழைவுத் திரை தோன்றாமலே நின்றுவிட்டது. வேலை குறைந்தமையால் நின்ற கணினி! காரணம் ஆராய்ந்தபோது வெளிப்பட்டது. கணினி மறைக்குறிகளுக்கு வேண்டிய எழுமாற்று எண்களைக் கரு ஆக்குதற்கு, முன்னறிய இயலாத நிகழ்ச்சிகள் சில வேண்டும். வட்டு வேலை முடித்துக் குரல் கொடுக்கும் கணங்களை அது அதற்காகச் சேர்த்து வந்தது. வாசிப்புக் குறைய, குரல்களும் குறைந்தன, எழுமாற்றுத்தன்மை நிரம்பவில்லை. நுழைவுத் திரையை ஆளும் சேவை எழுமாற்று எண்ணைக் கேட்டுக் காத்திருந்தது. கரு நிகழ்ச்சியை எதிர்நோக்கிக் காத்திருந்தது. பயனாளரோ திரையை எதிர்நோக்கி விசையைத் தொடாது காத்திருந்தார். விசையைத் தொட்டிருந்தால் அதுவே நிகழ்ச்சியாகி முடிச்சு அவிழ்ந்திருக்கும். வட்டு வாசிப்பிற்கும் நுழைவுத் திரைக்கும் இடையே இத்தகைய சார்பொன்று உளதென்று எந்தப் பட்டியலிலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

செப்டெம்பர் 15 ஆம் நாள் 5.3 ஆம் பதிப்பு வெளிவந்தபோது, லினஸ் டோர்வால்ட்ஸ் பழுதற்ற அத்திருத்தத்தையே திரும்பப் பெற்றுக்கொண்டார். பயனாளரின் கணினி நேற்று எழுந்ததாயின் இன்றும் எழவேண்டும் என்பது அவர் கொண்ட விதி. அதன்பின், முறைவழியாக்கியின் சொந்த நேரத் தடுமாற்றங்களிலிருந்தே எழுமாற்றுத்தன்மையைத் திரட்டும் வழி கருவிற் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் வந்த 5.4 ஆம் பதிப்பில், எக்ஸ்ட்4 திருத்தமும் தன் இடத்தை மீளப் பெற்றது.